வேலிக்கு இந்தப் பக்கம்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பெயர் வெர்லீன் ஸ்டோக்ஸ்.
ஜார்ஜியாவின் டால்ட்ரி கவுண்டியிலிருந்து
தபாலில் வந்த ஒரு தாள்
பெயரை அழித்துவிட்டு
பதினேழு என்று எழுதியது.

இருபத்துமூன்று பேர், ஜன்னல் இல்லாத அறை.
நீதிபதி கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது.
காபி உண்டு.
மூன்றாம் சாட்சிக்குப் பிறகு
அதையும் யாரும் தொடவில்லை,
அவரவர் வீட்டிலிருந்து புட்டித் தண்ணீர்.

தலைமைக்கு வாய்த்தவர் எமெட் லாஷ்லி,
ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவர்,
எதையும் மெதுவாகவே கேட்கத் தெரிந்தவர்.

எங்களுக்கு ஒரே ஒரு விஷயம்:
குழாயில் ஈயம் என்று தெரிந்த பிறகு
சோதனை எண்ணைத் திருத்தியது யார்?
அதற்காகவே கூட்டிய குழு.
சிறப்பு கிராண்ட் ஜூரி.
"சிறப்பு" என்றதும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

கீழ்த்தளத்தில் சாதாரண கிராண்ட் ஜூரி.
இரண்டு மாதத்தில் ஆள் மாறும்.
ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாற்பது வழக்கு:
திருட்டு கார், உடைந்த கதவு, சட்டைப்பைத் தூள்.
போலீஸ்காரர் வருவார், ஒப்பிப்பார், போவார்.
பன்னிரண்டு கை உயர்ந்தால் போதும்,
எங்கோ ஒருவன் காலை உணவு முடிப்பதற்குள்
குற்றம் சாட்டப்பட்டவன்.

நாங்கள் ஒன்பது மாதம்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

தண்ணீர்த்துறைத் தலைவரையே வரவழைத்தோம்.
அவர் ஐந்தாம் திருத்தத்தைச் சொன்னார்,
பதில் சொல்லாதிருக்கும் உரிமையைச் சொன்னார்,
நாற்பத்தொரு தடவை.
தலை எண்ணியே பிழைப்பு நடத்துகிறவள்,
தப்பாது என் கணக்கு.

பரிசோதனைக்கூடத்து டார்கஸ் யான்சி
சமையலறை நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.
மகனின் பிறந்தநாளுக்குக் கீழே, பல் வைத்தியர் வருகைக்குக் கீழே
பென்சிலில்
அசல் எண்கள்.
தாளைத் திருப்பும்போது அவள் கை நடுங்கவில்லை.
என் கைதான்.

அன்றுதான் லாஷ்லி கேட்டார்:
"இனி இவர்கள்மேல் குற்றம் சாட்டலாமா?"
அரசு வக்கீல் பேனாவை மூடினாள்.
கேட்கலாம். தோண்டலாம். எழுதலாம்.
சாட்ட மட்டும் உங்களால் ஆகாது.

ஒன்பது மாதம் ஸ்டியரிங் என் கையில்,
பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும்
யாரோ ஒருவர் காலடியில்.

அறுபத்திரண்டு பக்கம் எழுதினோம்.
காற்புள்ளிக்குக்கூடச் சண்டை.
"பரிந்துரைக்கிறோம்" என்ற சொல்
எவ்வளவு சின்னது என்று
உரக்க வாசித்தபோதுதான் தெரிந்தது.
அறிக்கை நீதிபதியிடம் போனது,
நாங்கள் வேலைக்குப் போனோம்.
மறுநாள் காலை பேருந்தில் ஏறிய ஒரு பையன்
தண்ணீர்க்குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து விளையாடினான்.
திட்டவில்லை.

பக்கத்து வீட்டு க்ளைவ் ரெடிங்கின் வண்டிக் கண்ணாடியில்
இந்த மாதம் மஞ்சள் அட்டை.
என்னுடையது பச்சையாக இருந்தது.
அவருக்கும் புரியும், எனக்கும் புரியும்.
எங்கள் இருவர் வாயிலும் ஒரே பூட்டு,
சாவி வெவ்வேறு தளத்தில்.

செவ்வாய் மாலை வேலியருகே நின்றோம்.
மழை வருமா என்றார்.
வராது என்றேன்.
பீச் விலையைப் பற்றி, அவர் மனைவியின் முழங்காலைப் பற்றி,
எல்லாவற்றையும் பற்றி.
நான் கேட்க முடியாது:
எங்கள் அறுபத்திரண்டு பக்கம் உங்கள் மேசைக்கு வந்ததா?
டார்கஸின் நாட்காட்டியைக் காட்டினார்களா,
அல்லது திருட்டு காருக்கும் உடைந்த கதவுக்கும் நடுவே
ஒரு அதிகாரி ஒப்பித்துவிட்டுப் போனாரா?
கை உயர்ந்ததா?

புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த க்ளைவ்
இருபது வருடப் பழக்கத்தில்
ஹோஸை வாய்க்கு உயர்த்தினார்.

நின்றார்.

தண்ணீர் அவர் செருப்பில் விழுந்துகொண்டே இருந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து
குழாயை மூடினார்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
நான் எதுவும் கேட்கவில்லை.
உள்ளே போய்
என் புட்டியிலிருந்து ஒரு டம்ளர் நிரப்பி
வேலிமேல் வைத்தேன்.