அனக்கம்

முதல் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது:
யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல.
அதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.
வாசித்தேன்.
பேராத்துசெல்வி மடியிலிருந்து சொளவை இறக்கவில்லை.
அடுப்படியில் அவள் மாமியார்
ஒரு சட்டியை நங்கென்று வைத்தாள்.

முக்கூடல், கீழத்தெரு. ஒன்பதாம் நாள்.
பால் கட்டாமலிருக்க நெஞ்சில் பிச்சிப்பூ வைத்துக் கட்டியிருந்தார்கள்.
புகையிலை நெடியை மீறி அந்த வாடல் மணம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

கேள்வி பதினாலு:
கருவின் அசைவு கடைசியாக உணரப்பட்ட நேரம்.
மணி, நிமிடம்.

"அசைவுன்னா?"
அனக்கம், என்றேன்.

சுருட்டிக்கொண்டிருந்த இலை அப்படியே நின்றது.
"மூணாங் கட்டு கட்டும்போது இருந்துச்சுக்கா.
ஒரு மிதி. சொளவே ஆடுச்சு.
பதினாலாங் கட்டுல நூலச் சுத்துதேன், அனக்கம் இல்ல.
தூங்குதுன்னு நெனச்சேன்.
இருவதாங் கட்டு வரைக்கும் தூங்கட்டும்னு
விட்டுட்டேன்."

கட்டுக்கு இருபத்தைந்து பீடி.
அவள் கை வேகத்துக்கு மணிக்கு நாலு கட்டு.
எட்டரைக்கு உட்கார்ந்தாள் என்றால்
மூன்று, ஒன்பதே கால். பதினாலு, பன்னிரண்டு.
ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்.
பேனாவால் அவள் சொன்னதையே எழுதினேன்.

மற்ற நேரங்கள் மற்றவர்கள் எழுதியவை.
108 வந்தது இரண்டு பத்து.
ரயில்வே கேட்டில் பதினோரு நிமிடம்.
ஆரம்ப சுகாதார நிலையத்தில்
துடிப்பு கேட்டது என்று ஒரு கையெழுத்து,
கேட்கவில்லை என்று இன்னொன்று.
ஹைகிரவுண்டில் நாலு ஐம்பது.
ஆண். இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது.
அழுததா: இல்லை.

கொக்கிரகுளத்தில் கூட்டம், மாதக் கடைசி வெள்ளி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு.
மாசானமுத்து துண்டில் பொதிந்து கொண்டுபோய்
குழி தோண்டின கரையைத்
தொட்டுவிட்டு வருகிற அதே ஆறு.
ஒன்பது கோப்புகள். டீ. தட்டில் பிஸ்கட்.

"ஃப்ரெஷ்ஷா, மேசரேட்டடா?"
டாக்டர் ஜெபக்கனி தலை நிமிராமல் கேட்டார்.
ஃப்ரெஷ், என்றேன்.
உவரி மீன்காரன் கூடையைத் திறந்து சொல்லும் சொல்.
ஃப்ரெஷ் என்றால்
கொஞ்சம் முன்னால்வரை உயிர் இருந்தது.
கொஞ்சம் முன்னால் என்றால்
அந்தக் கேட், அந்த இரண்டு கையெழுத்து,
ஒன்பதாம் மாதத்தில் ஒருமுறைகூட
அவளுக்குப் போன் போடாத நான்.
யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல.
பிஸ்கட்டை யாரும் எடுக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த இளம் அதிகாரி
பதினாலில் விரலை வைத்து,
"அனக்கம்னா என்ன?" என்றார்.
மேசையைச் சுற்றிப் பதினொரு பேர்.
எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் சொல்ல வரவில்லை.
சத்தம், என்றார் ஒருவர்.
ஆள் நடமாட்டம், என்றார் இன்னொருவர்.
மானூர் சிஸ்டர் மெதுவாகச் சொன்னாள்:
"உள்ள அனக்கம் இல்லன்னா
வீட்ல ஆள் இல்லன்னு திரும்பிப் போயிருவோம்லா சார்,
அது."
அவர் எழுதிக்கொண்டார்.

புதுப் படிவம் வந்தபோதும் அசைவு என்றுதான் இருந்தது.
மேலே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
நிறைமாதப் பிள்ளைகளுக்கு இப்போது தினமும் போன்.
அனக்கம் இருக்கா? இருக்குக்கா.
அனக்கம் இருக்கா? மிதிச்சே கொல்லுது.
புரட்டாசியில் ஒருத்தி,
"காலைலருந்து கொஞ்சம் கொறவாத் தெரியுது" என்றாள்.
நான் போட்ட கத்தலில்
அவள் புருஷன் சட்டை போடாமல் ஆட்டோ எடுத்தான்.
பெண் பிள்ளை.
அது எந்தக் கோப்பிலும் இல்லை.

பிறகொரு நாள் கீழத்தெரு வழியே போனேன்.
"நம்ம பேப்பர் எங்கக்கா போச்சு?"
கொக்கிரகுளம். அப்புறம் சென்னை.
அங்கேயிருந்து டெல்லி, என்றேன்.
நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

"டெல்லிக்கா."
நூலைப் பல்லில் வைத்து அறுத்தாள்.
"அம்புட்டுத் தூரம்.
கூட யாருக்கா போனா?"