தலைப்பு

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
சரக்கு வண்டி நகரவே இல்லை.
பஸ்ஸுக்குள் முப்பது முகம், முப்பது வெளிச்சம்.
வெண்ணாற்றில் உடைப்பு என்று ஒரு படம் வந்தது,
கூடவே மூச்சிரைக்கும் ஓர் ஆண் குரல்:
"இப்பதான், விடியக்காலைல எடுத்தது,
பிள்ளைங்கள வெளிய விடாதீங்க,
எல்லாருக்கும் அனுப்புங்க."
அனுப்பினேன்.
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பெற்றோர் குழு.
கேட் திறப்பதற்குள்.

மறுநாள் நாற்பத்தொரு பேரில்
பத்தொன்பது பேர் வரவில்லை.
சத்துணவில் முட்டை மீந்தது.
மன்னார்குடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர்
பாதிக் கூலியோடு திரும்பிவந்து
வாசலில் மகனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.
வெண்ணாறு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம் நடத்தச் சொல்லி
ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது.
பக்கம் ஆறு. 'சரிபார்க்காமல் பகிராதே.'
சத்தமாக வாசித்தேன்.
கோகுலவாணன் கை தூக்கவில்லை, எழுந்தே விட்டான்:
"டீச்சர், அது நீங்க அனுப்புனதுதானே?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
ஆமாம் என்றேன்.
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
போனை முதல் பெஞ்சில் கொடுத்தேன்.

பெஞ்சு பெஞ்சாகப் போனது.
"மண்ணு செவப்பா இருக்கு டீச்சர். நம்ம ஊரு களி."
"புரட்டாசில குறுவை அறுப்பு.
இங்க பாருங்க, மக்காச்சோளம்."
"விடியக்காலைங்கிறாரு,
நிழலு காலுக்கடியில கெடக்கு."
ஜெனிட்டா கடைசியாக வாங்கி
பார்க்காமலே திருப்பித் தந்தாள்.
"எங்கப்பா லஸ்கர். ராத்திரி பூரா அந்தக் கரையிலதான் இருந்தாங்க.
அவங்க நம்பர் மதகுச் சுவத்துலயே எழுதிருக்கு.
ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

உங்களுக்கு யார் அனுப்பினது?
என் சித்தப்பா மகன்.
அவருக்கு?
அவன் அலுவலகத்தில் யாரோ.
அந்த யாரோவுக்கு?
கரும்பலகையில் வாய்க்கால் மாதிரி வரைந்தோம்,
வயலிலிருந்து கன்னி, கன்னியிலிருந்து கிளை,
மேலே மேலே.
தண்ணீர் வராத வருஷம்
இவர்கள் அப்பாக்கள் மண்வெட்டியோடு
இப்படித்தான் ஏறிப் போவார்கள், தலைப்பு வரைக்கும்.
நாங்கள் போய்ச் சேரவில்லை.
சாக்பீஸ் பலகையின் விளிம்பில் நின்றது.
"தலைப்ப மட்டும் படிச்சீங்களா டீச்சர்?" என்றது ஒரு குரல்.
எந்தத் தலைப்பு என்று நான் கேட்கவில்லை.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

குழுவில் எழுதினேன்: நேற்று நான் அனுப்பியது பொய்.
பார்க்காமல் அனுப்பினேன். மன்னியுங்கள்.
இரண்டு கும்பிடு.
ஒரு பதில்: 'பரவால்ல டீச்சர், நல்லதுக்குத்தானே அனுப்புனீங்க.'
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசி மணிக்குப் பிறகு ரிஸ்வானா போகவில்லை.
பெருக்க வந்த அக்கா இரண்டு முறை எட்டிப்பார்த்தாள்.
"டீச்சர், ஒருத்தன் மெசேஜ் பண்றான்.
பதினஞ்சு வயசு, திருவாரூர்ங்கிறான்.
போட்டோ கேக்குறான்.
யார்ட்டயும் சொல்லாதங்கிறான்."
எத்தனை நாளாக?
"ஆடிப்பெருக்குலேர்ந்து."
இரண்டு மாதம். தினம் நான் வருகைப்பதிவு எடுத்திருக்கிறேன்.
"முந்தியே சொல்லலாம்னுதான். திட்டுவீங்கன்னு..."
துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.
"இன்னைக்கு நீங்களே தப்பு பண்ணிட்டேன்னு சொன்னீங்கல்ல."

அனுப்பினாயா என்று கேட்க வாய் வந்தது.
விழுங்கினேன்.
"நீ தப்புப் பண்ணல" என்றேன்.
அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிரட்டுமா?"
வேண்டாம். ஒன்றுகூட. இருக்கட்டும்.
சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
ஓர் எண் இருக்கும், அதைத் திறக்கச் சொன்னேன்.
அவள் புத்தகத்தில் அந்தப் பக்கம்
ஏற்கெனவே மூலை மடிந்து கிடந்தது,
மடித்து மடித்து நைந்து.

எண்களை அவள் சொல்ல நான் அழுத்தினேன்.
தூரத்தில் கேட் போடும் மணி.
மறுமுனையில் ஒரு பெண் குரல், பேசுங்க என்றது.