ஒன்பதாவது வளையம்

ராய்டன் க்ரேபில் புல்டோசர் கொண்டுவந்து
வேலிமரங்களைச் சாய்த்துவிட்டான்.
கோதுமைக்கு இன்னும் பதினோரு அடி கிடைக்குமாம்.
வெள்ளிக்கிழமை தீ.
அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள், வெர்லீன், என்றான்.
அடுப்புக்குத்தானே?
ஆமாம் என்றேன்.

வில்லுக்கு என்று சொல்லியிருந்தால்
ஞாயிறு சபை முழுக்க அதுதான் பேச்சு.
கையில் ஆயுதம் தொடமாட்டோம் என்றே
மூன்று தேசம் மாறி வந்தவர்கள் எங்கள் ஆட்கள்.
மான் அந்தக் கணக்கில் வராது.
வராது என்றுதான் நினைக்கிறேன்.

கேன்சஸ் காற்றுக்குத் தடுப்பாக நட்ட மரம்.
முள் உண்டு. வெட்டினால் பால்.
மூளைபோல் மடிந்த பச்சைக் காய்களை
அணில் தவிர யாரும் சீந்துவதில்லை.
மரத்துக்கு ஓசேஜ் மக்களின் பெயர்.
நிலப் பத்திரத்தில் எங்கள் பெயர்.
வில்லுக்கு இதை மிஞ்சியது இல்லை என்பது
நாங்கள் கப்பல் ஏறும் முன்பே
அவர்களுக்குத் தெரியும்.

டேப்பும் கோடரியுமாகக் குவியலைச் சுற்றுகிறேன்.
நேராகக் கிடப்பதெல்லாம் நேரில்லை.
பட்டையின் வெடிப்பு கொடிபோல் சுற்றி ஏறினால்
உள்ளே நாரும் முறுக்கிக்கொண்டிருக்கும்,
வேண்டாம்.
சாய்ந்தே வளர்ந்தது,
விழாமலிருக்க ஆயுசெல்லாம் இழுத்துப் பிடித்தது,
பிளந்த மறுநிமிடம் தன் போக்குக்கு வளையும்.
அதுவும் வேண்டாம். கொஞ்சம் தடவிக்கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.
கணு என்றால் ஒரு கிளை வெளியேறிய வழி.
ஒடிவதென்றால் அங்கேதான் ஒடியும்.

தெற்கு ஓரத்தில் கிடைத்தது.
இருபுறமும் நெருக்கியதால்
கிளைவிட இடமின்றி வெளிச்சத்துக்கே போன மரம்.
ஆறடிக்கு ஒரு கணுவில்லை.

முதல் ஆப்புக்கு அசையவில்லை.
இரண்டாவது தெறித்து என் முழங்காலில் பட்டது.
மூன்றாவதில்
உறைந்த குளம் விரிசல் விடும் சத்தம்.
உள்ளே அப்படியொரு மஞ்சள்.
கையுறையில் ஒட்டியது இன்னும் போகவில்லை.

மரம் கிடைத்தால் பாதி வேலைகூட முடியவில்லை.
இனி ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
வில்லின் முதுகு
நுனியிலிருந்து நுனிவரை
ஒரே ஆண்டின் வளையமாக இருக்க வேண்டும்.
கத்தி ஓரிடத்தில் அதைக் கீறி
அடுத்த ஆண்டுக்குள் இறங்கிவிட்டால்
நாணை முழுக்க இழுக்கும் நாளில்
அங்கிருந்துதான் செதில் கிளம்பும்.

வெள்ளையை உரித்து வைரத்துக்கு வந்தேன்.
வறண்ட ஆண்டுகள் தாள் கனம். தள்ளு.
ஏழு, எட்டு.
பட்டையிலிருந்து ஒன்பதாவது
ஐந்து சென்ட் காசின் தடிமன்.
விரலில் கணக்குப் போட்டேன்.
டேல் விச்சிட்டாவுக்கு வேலைக்குப் போய்
கடிதத்தில் மட்டும் திரும்பிவந்த ஆண்டு.

அந்த ஆண்டு மழை பெய்ததா?
எனக்கு நினைவில்லை.
எங்கோ ஒரு மரம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதை விட்டு இன்னும் கீழே போகலாம் என்று
ஓரத்தில் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.
பத்து மெலிசு.
பதினொன்றில் புழு ஓடிய துளை.
சரி, ஒன்பதே இரு.

இரண்டு இரவுகள், கராஜில், ஒற்றை பல்பு.
வளையம் மேடாகும் இடத்தில் கத்தியும் மேடேற வேண்டும்,
பள்ளத்தில் இறங்க வேண்டும்.
நேர்படுத்தப் போனால் கெட்டுவிடும்.
அவ்வளவு மெதுவாக
அந்த ஆண்டை நான் கடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை. வயலெங்கும் புகை.
பட்டாசுபோல் பொறி கக்கும் மரம் அது.
தண்ணீர் கேட்டு வந்த ராய்டன்
முனைகளில் பசை பூசிச் சாத்தியிருந்ததைப் பார்த்தான்.
அடுப்புக்கா, என்றான்.
நான் குழாயைத் திறந்தேன்.
அவன் தரையில் குந்தி, வெட்டுமுகத்தில் நகத்தை வைத்து
உதடு அசைய எண்ணினான். விவசாயிதானே.

நல்ல மழை, இந்த வருஷம், என்றான்.
சோளம் என் தொப்பிக்கு மேல் நின்றது.

அப்படியா, என்றேன்.