திருப்பித் தரப்பட்டது

புதுவயலில் பகல் முழுக்க
வயிரவன் மாடர்ன் ரைஸ் மில்லில் பில் போடுகிறேன்.
ஆறு மணிக்கு மேல்
பஞ்சவர்ணத்துக்கு ரசீது.
ஏழாவது வார்டு, சுயேச்சை, சின்னம் தண்ணீர்க் குழாய்.
எங்கள் தெருவில் குழாய் வந்திருப்பது
நோட்டீசில் மட்டும்.

அடிக்கட்டையைப் புரட்டினால் தவிட்டு வாசனை.
சவரிமுத்து, லோடு ஏற்றுபவர், இருபது.
களத்தில் நெல் கிளறும் மூன்று பெண்கள் சேர்ந்து ஐம்பது,
ஒரே ரசீது போதும் என்றார்கள்.
கேட்கவில்லை நான்:
பதினேழு, பதினேழு, பதினாறு.
ஆத்தங்குடிக்கு டைல்ஸ் வேலைக்குப் போகும் ஜபருல்லாவின்
நூறு ரூபாய்த் தாளில்
சிவப்புச் சிமெண்டில் ஒரு கட்டைவிரல்.
கண்டனூர் விலக்கு முட்டைக்கடையில் முப்பத்தைந்து,
"அஞ்சு முட்டைன்னே எழுதிக்கங்க."
செக்காலை ரோட்டு வக்கீல் இருநூறு.
பெயர் வேண்டாம் என்றார்.
பெயரில்லாமல் வாங்குவதில்லை என்றேன்.
யோசித்துவிட்டு
இனிஷியலோடு சொன்னார்.

நாற்பது பேர். மூவாயிரத்து நானூற்றுப் பத்து.
ஆட்டோவும் மைக்கும்
ஒரு நாளைக்கே இரண்டாயிரம்.

முதலாளி வீட்டுக் கோயில் வரிக் கணக்கை
டைப் அடிப்பதும் நான்தான்.
அதில் மனிதர்கள் இல்லை, புள்ளிகள்.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி.
கோலாலம்பூரில் மூன்று கட்டடம் வைத்திருப்பவருக்கும்
மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறவருக்கும்
புள்ளிக்கு ஒரே வரி.
கூடத் தருகிறேன் என்றாலும்
ஒருவர் இரண்டு புள்ளி ஆக முடியாது.
அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை.
ஊர் முழுவதையும் இப்படி எழுதினால் என்ன?
அரசாங்கமே தலைக்கு ஒரு புள்ளி கொடுத்து
பிடித்தவருக்கு வை என்றால் என்ன?
பஞ்சவர்ணம் சிரித்தார்.
"தலைக்கு ஐந்நூறு வீடு தேடி வருதே,
அது யாரு வைக்கிற புள்ளி?"

வியாழக்கிழமை
முதலாளியின் டிரைவர் ஜவுளிக்கடைப் பையோடு வந்தார்.
நாற்பதாயிரம்.
பெயர் வேண்டாம், ரசீது வேண்டாம்.
"மத்த நாலு பேருக்கும் கொடுத்தாச்சு.
உங்களை விட்டா மரியாதையா இருக்காது."
மில்லின் கழிவுநீர்
ஏழாவது வார்டு வழியாகத்தான் கண்மாய்க்குப் போகிறது.
அதை அவர் சொல்லவில்லை.

பை மேசையில் இருந்தது.
கேட்காமல் வந்த வரனைப் பற்றிப் பேசுவது போல
தாழ்ந்த குரலில் பேசினோம்.
இருபது நாள் ஆட்டோ, மைக்.
இருபது நாள்.

அப்போதுதான் சவரிமுத்து வந்தார்.
"சின்னவளுக்குக் காய்ச்சல்.
மருந்துக்கு இருபது குறையுது.
கொடுத்ததைக் கேக்கக் கூடாதுதான்."
ரசீதையும் கொண்டுவந்திருந்தார், நான்காக மடித்து.
சிவப்பு மையில் எழுதினேன்:
திருப்பித் தரப்பட்டது.

இந்த நோட்டில்
கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.
பை கொடுத்தவர் கேட்கவே மாட்டார்.
அது உறைத்ததும்
விரல்கள் சில்லிட்டன.

நாற்பத்தொன்றாம் ரசீதைப் போட்டேன்.
பெயர்: சொ. கரு. வயிரவன்.
தொழில்: அரிசி ஆலை.
ரூபாய் நாற்பதாயிரம் மட்டும்.
டிரைவரிடம் நீட்டினேன்.
காகிதத்தைத் தொடவில்லை.
பையை எடுத்துக்கொண்டார்.

நாளை ஒன்பது மணிக்கு
அதே மில்லில் பில் போட உட்கார வேண்டும்,
உட்கார விட்டால்.

நாற்பத்தொன்று ரத்து.
நாற்பதில் ஒன்று போக முப்பத்தொன்பது.
வாசலில் திரும்பி நின்ற சவரிமுத்து
சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன் என்றார்,
பழைய ரசீதே செல்லுமா என்று கேட்டார்.