ரோஜா நிற ரிப்பன்

இன்செய்ன் சந்தையில்
ஊதா மெழுகுவர்த்தி கிடைக்காது.
பகோடாவுக்கு வாங்கும் வெள்ளையில் நான்கு,
மூன்றுக்கு ஊதாத் தாள் சுற்றினேன்,
ஒன்றுக்கு மகளின் ரோஜா நிற ரிப்பன்.

டிசம்பர் ஒன்று, நள்ளிரவு.
கித்தாரோடு வாசலில் அவர் வீட்டார்.
கரேன் பாட்டு, கைகுலுக்கல்,
ஓர் அண்டா மூங்கில்குருத்துக் கஞ்சி.
"இன்னும் பிறக்கவே இல்லையே" என்றேன்.
"பிறந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, அந்தோணியம்மா"
என்றார் லேர் மூ,
கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

நாங்கள் அப்படி வளரவில்லை.
இருபத்துநாலு ராத்திரிவரை தொட்டியில் வைக்கோல் மட்டும்.
பாலன் பழைய சட்டைப் பெட்டியில்
பஞ்சுக்குள் கிடப்பார்.
அதிரசத்தைக்கூட
சாமப்பூசை முடிந்துதான் தொடலாம்.

இரண்டாம் வாரம், செவ்வாய்.
கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
மாடிவீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டு
நான்கையும் ஏற்றிவிட்டார்.
காத்திருப்பு மொத்தமும்
ஒரே ராத்திரியில்
வாஷர் தேடி எரிந்து போனது.
ரிப்பன் கருகிய வாடை.
கத்தினேன்.
மேலே குழாயில் தண்ணீர் விழும் சத்தம்
கேட்கத்தான் செய்தது.

மூன்றாம் ஞாயிறு
விரற்கடை மிச்சத்தைத் தட்டில் வைத்தேன்.
"இன்று எது?" என்று கேட்டு
ஜன்னல் காற்றுக்குக் கை மறைத்தார்.

பதினாறாம் தேதி
பாத்திரம் கழுவுகையில்
என் வாயில் அவர்கள் பாட்டு,
அர்த்தம் பாதி தெரியாமல்.

அன்றிரவு பார்த்தேன்:
சட்டைப் பெட்டியைத் திறந்து
பஞ்சை விலக்கி
ஒரு நிமிஷம் குனிந்திருந்தார்.
பிறகு மறுபடி
கழுத்துவரை மூடினார்.