கலெக்டர் தலையாட்டுகிறார்

ஏற்காடு ஏரிக்கரையில்
ஏழு குதிரைகள்.
பேரிக்காய்க் கூடைகளுக்குப் பக்கத்தில்
ஓரமாக நிற்பதன் பெயர் கலெக்டர்.
வெள்ளை.
வயது இருபத்தொன்று என்கிறது பல்.
பதினாலு என்கிறார் தஸ்தகீர்.

படகுத்துறை போய்த் திரும்ப நூறு ரூபாய்.
தாரமங்கலத்திலிருந்து வந்த சிறுமி
சேணத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்,
என்னை உனக்குப் பிடிச்சிருக்கா?
கலெக்டர் தலையாட்டுகிறார்.
இன்னொரு ரவுண்டு போலாமா?
அதற்கும்.

பாப்பா, அது ஆமாம் இல்லை.
இடது முன்கால் முட்டியில்
குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது.
நோகும் கால் தரையில் படும்போது தலை எழும்,
நல்ல கால் படும்போது தாழும்.
காலால் முடியாத பாரத்தைக்
கழுத்தால் தூக்கிவிடப் பார்க்கிறது.
அந்த எழுச்சியை மில்லிமீட்டரில் அளப்பது
என் வேலை.

சொல்லவில்லை.
அவள் அப்பா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வாரம் இரண்டு தடவை
அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி
இருபது கொண்டை ஊசிக்கும்
மடியில் இறுக்கிப் பிடித்து வருகிறேன்
தீப்பெட்டி அளவில் மூன்று கருவிகளை:
உச்சந்தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று,
வலது முன்காலுக்கு ஒன்று.
தஸ்தகீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.
"நொண்டவே இல்லையே மேடம்."

கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நொண்டாது.
புலிக்குத் தப்பியவற்றின் பேரப்பிள்ளை அது.
வலியைக் காட்டியவற்றுக்குப்
பேரப்பிள்ளைகள் இல்லை.

ஒரு ராத்திரி லாயத்தில் கேமரா வைத்தேன்.
இரண்டு மணிக்கு மேல்
மூடுபனி கதவுச் சந்தில் நுழைந்த பிறகு
இடது காலிலிருந்து வலதுக்கு
வலதிலிருந்து இடதுக்கு
ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை,
கடைசி பஸ் போய்விட்ட நிறுத்தத்தில்
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுகிறவள் போல.

பொட்டலங்கள் இரண்டு வகை.
ஒன்றில் மருந்து.
மற்றதில் சேலத்து ஜவ்வரிசி மாவு,
அதே நிறம், அதே வெல்ல வாசனை.
எது யாருக்கு என்ற தாள்
கல்லூரி பீரோவில், உறைக்குள்.
எனக்கும் தெரியாது;
தெரிந்தால் என் கண் பொய் சொல்லும்.
"எங்களுது வெறும் மாவா இருந்தா?"
ஒரே ஒரு தடவை கேட்டார் தஸ்தகீர்.
அவர் கையெழுத்திட்ட தாளை
மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.
அது பதில் இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆறாம் வாரம்,
"இப்ப புது ஆளு மேடம்."
படிவத்தில் பத்துக்கு எட்டு போட்டார்.
கருவியில் மாற்றம் இல்லை.
வளர்ப்பவர் கண்ணுக்கு முதலில் குணமாகிவிடும்.
இதற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு,
பரீட்சையில் இரண்டு மார்க்கும் உண்டு.
அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை
என்ன நடக்கும் என்பது மட்டும் பாடத்தில் இல்லை:

தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத ஒருவர்
கலெக்டர் முதுகில்,
கூலிங் கிளாஸோடு.

"நீங்கதானே கேட்டீங்க, எப்படி இருக்குன்னு.
நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தேன்.
நல்லாருக்கறது நிக்கலாமா சும்மா?"

மாவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.
ஏழாம் எண், ஆய்விலிருந்து விலக்கப்பட்டது என்று எழுதி
தெரிந்த பழைய ஊசியை நானே போட்டேன்.
சின்னப் பிள்ளைகள் மட்டும் என்று
தஸ்தகீரிடம் வாக்கு வாங்கினேன்,
பாதி வாக்குதான் கிடைத்தது.
பேராசிரியர் போனில் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "ஒன்று குறைந்தால்
கணக்கு நிற்காதே, யாழினி" என்றார்.

பங்குனியில் உறையைத் திறந்தோம்.
ஏழாம் எண்: மருந்து.
பதினெட்டு வாரம் போட்டிருக்க வேண்டியதை
ஆறோடு நிறுத்தியது நான்.
பலித்திருக்குமா, இல்லையா,
அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும்.

மேலே போனேன்.
காப்பி பூத்து மலையே மணத்தது.
தஸ்தகீர் கயிற்றைப் பிடித்து நடத்திவர
எதிரே வந்தது கலெக்டர்.
மன்னிப்பாயா என்று நாக்கு வரை வந்தது.

நடந்துகொண்டிருக்கும்போது
எதைக் கேட்டாலும் அது
ஆமாம் என்றுதான் சொல்லும்.
கேட்கவில்லை.