ஒருவழி

பந்தலூரில் கரண்ட் இல்லை.
ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறோம்,
மார்க் ஷீட்டெல்லாம் என் ஸ்வெட்டருக்குள்,
மழைக்குத் தெரியாமல்.

தந்தை பிறந்த இடம் என்ற கட்டத்தில்
சேரம்பாடி என்று எழுதியிருந்தேன்.
அட்டன், என்கிறார் அப்பா,
வேறு யாருடைய ஊரையோ சொல்வதுபோல.

கொண்டுவந்த பழைய பாஸ்போர்ட்
அவருடைய அம்மாவுடையது.
நாலாவது வரியில் அப்பா:
மகன், வயது ஆறு.
ஒரே ஒரு முத்திரை, தலைமன்னார்.
அதற்குப் பின் எல்லாப் பக்கமும் வெள்ளை.

ஏஜென்ட் போனில் சொல்கிறான்,
ஒருவழி டிக்கெட் போதும் தங்கச்சி,
ஸ்டூடண்ட் விசாதானே.

கொழுந்துக் கறை விரலால்
அந்த வெள்ளைப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே
திரும்பி வர எவ்வளவுன்னு கேளு, என்கிறார் அப்பா.

கேட்கிறேன்.
கரண்ட் வந்து
மெஷின் சூடாகிறது.